ஷிஃராவுக்கு ஒரு வழி

கடலுக்கு வரைபடம் உண்டு, கரைக்கும் உண்டு. மனிதன் இன்னும் கால் வைக்காத விண்மீன்களுக்கிடையே கப்பல் செலுத்துவதற்கும் வரைபடம் உண்டென்றால் வாசக அன்பர்கள் வியப்படையலாம். உண்டு, ஒன்றல்ல, பல. அவற்றை அச்சிட்டு விற்கிறார்கள். வாங்கியவர்கள் மேசைமேல் விரித்து, நான்கைந்து பேராகச் சுற்றியமர்ந்து, ஒருவர் கப்பல் தலைவராகவும் ஒருவர் வணிகராகவும் ஒருவர் மருத்துவராகவும் பாத்திரமேற்றுப் பேசிப் பேசியே ஆடுகிறார்கள். ஆட்டத் தலைவர் ஒருவர் இருப்பார். எந்தத் துறைமுகத்தில் என்ன நேர்ந்தது, சரக்கு விலைபோயிற்றா, கொள்ளையர் மறித்தனரா என்பதையெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு போவார். வெற்றி தோல்வி என்று முடிவதில்லை. கதை நீண்டுகொண்டே போகும்.

இவ்வகை ஆட்டங்களுள் விண்வெளிப் பயணத்துக்கெனப் புகழ்பெற்றது 'டிராவலர்' என்பது. அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்திலிருந்த 'கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப்' என்னும் நிறுவனம் 1977ஆம் ஆண்டில், மார்க் மில்லர் என்பவர் ஆக்கிய மூன்று சிறு கறுப்பு நூல்களை ஒரு பெட்டியில் வைத்து அதனை வெளியிட்டது. மூன்றாவது நூலில்தான் வரைபடம் செய்யும் முறை இருக்கிறது. தாளில் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். அகலத்தில் எட்டு, நீளத்தில் பத்து, ஆக எண்பது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பார்செக். அதாவது மூன்றேகால் ஒளியாண்டுக்குச் சற்று மிகுதி. அத்தகைய தாள்கள் பதினாறைச் சேர்த்து ஒட்டினால் 1,280 கட்டங்கள் கொண்ட ஒரு பெரும் பகுதி உருவாகும். எந்தக் கட்டத்தில் விண்மீன் உண்டு, எதில் இல்லை என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை உருட்ட வேண்டும். நான்கும் அதற்கு மேலும் விழுந்தால் அங்கே ஓர் உலகம் உண்டு.

அதனோடு முடிவதில்லை. அங்குள்ள துறைமுகத்தின் தரம், கோளின் பருமன், காற்று, நீர்ப்பரப்பு, மக்கள்தொகை, ஆட்சிமுறை, சட்டத்தின் கடுமை, தொழில் வளர்ச்சி ஆகிய அனைத்தையும் பகடையே தீர்மானிக்கிறது. ஒரு நாட்டின் ஆட்சி எப்படி அமையும் என்பதைக்கூட இரண்டு பகடைக்காய்களின் கூட்டுத்தொகைக்கு விட்டுவிட்டார்களே என்று முதலில் சிரித்தேன். செய்தித்தாளை மடித்து வைத்தபிறகு அந்தச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

என் தங்கை மகன் பொறியியல் படிக்கிறான். அவனும் அவன் தோழர்கள் நால்வரும் விடுமுறை நாட்களில் இவ்வாட்டத்தை ஆடுகிறார்கள். நான் நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு வரைவாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். "மாமா, எங்கள் ஆட்டத்துக்கு ஒரு நட்சத்திர வரைபடம் நீங்கள் போட்டுத் தர வேண்டும். கடையில் வாங்குவது வேண்டாம், நம்முடையதாக இருக்க வேண்டும்" என்று அவன் வந்து நின்றபோது, மைக்கூட்டையும் வரைபேனாவையும் எடுத்துத் துடைத்து வைத்தேன். நெடுநாட்களுக்குப் பின் கைக்கு வேலை வந்தது என்ற மகிழ்ச்சிதான் முதலில்.

முதல் தாளுக்குப் பகடை உருட்டத் தொடங்கிய அன்று, அஸர் தொழுகை முடித்து முற்றத்துக்கு வந்த என் உம்மா அந்த ஓசையைக் கேட்டுவிட்டார்கள். எண்பத்து நான்கு வயதிலும் செவி கூர்மை குறையவில்லை. "என்னா வாப்பா, இந்த வீட்டிலே கட்டை உருட்டுற சத்தம் கேக்குது?" என்றார்கள். பேரன் விளக்கினான்: பணம் வைத்து ஆடவில்லை, பந்தயம் இல்லை, வெறும் கணக்குக்காகத்தான் என்றான். உம்மா இசையவில்லை. 'நர்து' என்னும் பகடையாட்டத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருப்பது ஹதீது நூல்களில் வருகிறது. பந்தயம் இல்லாவிடினும் அது கூடாது என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. இதை உம்மா நூலைப் படித்துச் சொல்லவில்லை. அவர்களுடைய தாயார் வீட்டில் சொல்லி வளர்த்தது. பின்னர் எங்கள் மஹல்லா ஆலிம் அவர்களிடமும் பையன் போய்க் கேட்டான். "ஆட வேண்டுமானால் அந்தக் கட்டை இல்லாமல் ஆட முடியுமா பார்" என்று அவர் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார்.

முடியும் என்று தெரிந்தது. ஆட்டத்தின் நடுவே எழும் ஐயங்களுக்கு ஆட்டத் தலைவனே நியாயம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதென்று பையன்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள். ஆனால் வரைபடம்? விண்மீன் எங்கே இருக்கிறது என்பதை யார் தீர்ப்பது?

இறைவன் ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறானே என்று எனக்குத் தோன்றிற்று. பகடைக்குப் பதில் விண்மீன் அட்டவணையை எடுத்துக்கொண்டால் என்ன?

இப்படி எண்ணிய முதல் ஆள் நானல்லன். 1974லேயே 'ஸ்டார்ஃபோர்ஸ்: ஆல்ஃபா சென்டாரி' என்றோர் ஆட்டம் கதிரவனைச் சூழ்ந்த உண்மையான விண்மீன்களை வைத்து வந்தது. டிராவலரை வெளியிட்ட நிறுவனமே 1986ல் 'டிராவலர்: 2300' என்னும் வேறோர் ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது பகடையை ஒதுக்கிவிட்டு, ஐம்பது ஒளியாண்டுக்குட்பட்ட உண்மை விண்மீன்களின் படத்தையே அதனுடன் கொடுத்தது. செருமானிய வானியலறிஞர் வில்ஹெல்ம் கிளீசெ ஹைடல்பர்க் நகரில் தொகுத்து 1957ல் முதன்முதலாக வெளியிட்ட அண்மை விண்மீன் அட்டவணையே அத்தகைய படங்களுக்கெல்லாம் தாய் ஏடு எனலாம். அந்த 2300 ஆட்டத்தில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. கப்பல் ஒரே மூச்சில் 7.7 ஒளியாண்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் ஏதேனுமொரு விண்மீனை அடைந்து இளைப்பாற வேண்டும். இந்த ஒரே விதியினால், விண்மீன்கள் நெருங்கியிருக்கும் பக்கம் வழி நீள்கிறது, விலகியிருக்கும் பக்கம் அடைபடுகிறது. பிரெஞ்சுக்காரர் ஒரு கிளையிலும் சீனர் ஒரு கிளையிலும் அமெரிக்கர் ஒரு கிளையிலுமாகக் குடியேறிப் போகிறார்கள். தண்ணீர்த் துறைகளுக்கிடையே உள்ள தொலைவுதான் பாலைவனத்தில் ஒட்டகப் பாதையை வகுத்தது. அதே நியாயம் அங்கேயும் செல்கிறது.

உண்மை வானம் பகடை வானத்தைப் போல வள்ளல் அல்ல. பகடை முறைப்படி பாதிக் கட்டங்களில் உலகங்கள் நிரம்பிவிடும். உண்மையிலோ, நம் கதிரவனுக்கு அக்கம்பக்கத்தைப் பார்செக் அளவுள்ள கனசதுரங்களாக வெட்டினால், ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டில் ஒன்றில்தான் விண்மீன் இருக்கும். மற்றவை வெறுமை. பன்னிரண்டு ஒளியாண்டு எல்லைக்குள் என் படத்தை நிறுத்திக்கொண்டதனால் குறிக்க வேண்டிய புள்ளிகள் இருபத்தைந்துக்குள் அடங்கின. "இவ்வளவுதானா மாமா?" என்று பையன் முகம் வாடினான்.

அடுத்த ஏமாற்றம் பெயர்களில் வந்தது. அல்தபரான், ரிஜ்ல், தனப் என்று ஒலிக்கும் பெயர்களை அவன் எதிர்பார்த்திருந்தான். அவையெல்லாம் அரபு மொழி என்பதை அவன் அறிவான். அந்தப் பெருமையோடுதான் வந்திருந்தான். ஆங்கிலேயர் 'ஆல்டெபரான்' என்பது அத்தபரான், அதாவது பின்தொடர்வது. நம் ஊரில் ஆறாமீன் என்றும், அரபியில் ஸுரையா என்றும் சொல்லும் கூட்டத்தைப் பின்தொடர்ந்து எழுவதால் வந்த பெயர். தமிழர் அதனை ரோகிணி என்பர். 'ஃபோமல்ஹாட்' என்பது ஃபமுல் ஹூத், மீனின் வாய். திருவோணமாகிய 'ஆல்டேர்' பறக்கும் கழுகாகிய அந்நஸ்ருத் தாயிர். ஐரோப்பியர் இப்பெயர்களை இலத்தீன் வழியாக எடுத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்து இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் இவை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மீன்கள். பெரும்பாலானவை நெடுந்தொலைவில் பேரொளியுடன் எரிபவை. அல்தபரான் 65 ஒளியாண்டு. ரிஜ்ல் எண்ணூறுக்கும் மேல். தனப் ஆயிரத்துக்கும் அப்பால். என் தாளில் இவற்றுக்கு இடமில்லை.

அண்டை வீட்டுக்காரர்களோ மங்கலானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் சிவப்புக் குறுமீன்கள். பக்கத்திலேயே இருந்தும் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் படாததை முன்னோர் எவ்வாறு பெயரிட்டழைப்பர்? தொலைநோக்கி வந்த பிறகு அட்டவணை எழுதியவர்களின் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்து ஒட்டினார்கள்: உல்ஃப் 359, லலாண்ட் 21185, ராஸ் 154, லகாய் 9352, குரூம்பிரிட்ஜ் 34. என் பழைய அலுவலகத்தில் புல எண்ணும் பட்டாதாரர் பெயரும் எழுதிய பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. ஒரு புல எண்ணை வைத்துக்கொண்டு யார் கதை சொல்வார்?

இங்கே ஒன்றை இடையில் சொல்லிவிட்டுப் போகிறேன். விண்மீனுக்கு உங்கள் குழந்தையின் பெயரைச் சூட்டிச் சான்றிதழ் தருகிறோம் என்று காசு வாங்கும் வணிகர்கள் இருக்கிறார்கள். அச்சான்றிதழுக்கு வானியலில் எந்த மதிப்பும் இல்லை. பெயர்களை ஏற்பது பன்னாட்டு வானியல் ஒன்றியம். அது 2016ல் இதற்கென ஒரு குழு அமைத்துப் பழைய பெயர்களை ஒழுங்கு செய்தது. ஆல்ஃபா சென்டாரிக்கு அது ஏற்ற பெயர் ரிகில் கென்டாரஸ். குதிரைமனிதனின் கால் என்று பொருள்படும் அரபுத் தொடரின் சிதைவு அது. ஆக, நமக்கு மிக அண்மையிலுள்ள குடும்பத்துக்கு, 4.37 ஒளியாண்டில், ஓர் அரபுப் பெயர் கிடைத்தது. பையன் சற்றுத் தெளிந்தான்.

வரைவாளன் என்ற முறையில் எனக்கு உண்மையான தொல்லை வேறிடத்தில் இருந்தது. நிலத்தை அளப்பவனுக்குத் தாள் போதும்; மேடு பள்ளத்தைச் சமஉயரக் கோட்டால் காட்டிவிடலாம். விண்மீன்கள் நம்மைச் சூழ எல்லாத் திசையிலும், மேலும் கீழும் தொங்குகின்றன. அட்டவணை இரண்டு கோணங்களையும் ஒரு தொலைவையும் தருகிறது. அவற்றிலிருந்து நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று எண்களைக் கணக்கிட வேண்டும். சைன், கோசைன் வாய்ப்பாடு தெரிந்த எவரும் செய்யலாம். நீளத்தையும் அகலத்தையும் தாளில் குறித்து, உயரத்தைப் புள்ளிக்குப் பக்கத்தில் எண்ணாக எழுதுவதே வழக்கம். ஆனால் கண் எண்ணைப் பார்க்காது, புள்ளிகளைத்தான் பார்க்கும். தாளில் நெருங்கிய இரண்டு மீன்கள் உயரத்தில் விலகியிருந்தால், படம் மெய் சொல்லிக்கொண்டே பொய்யும் சொல்லும்.

எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதும் ஒரு கேள்விதான். வடக்கு மேலிருந்து நோக்கி வரைந்தால் ஒரு வடிவம். கீழிருந்து நோக்கினால் கண்ணாடியில் கண்டதுபோல் இடவலம் மாறிய வடிவம். இந்த இக்கட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் உணர்ந்திருக்கிறார். ரய் நகரில் 903ல் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்கள் 964ஆம் ஆண்டளவில் இயற்றிய விண்மீன் உருவங்களைப் பற்றிய நூலில், நாற்பத்தெட்டு உருவங்களையும் இரண்டிரண்டு முறை வரைவித்தார். ஒன்று, பூமியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தெரிவது; மற்றொன்று, வான்கோளத்தை வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது. தாலமியின் கிரேக்க அட்டவணையை அப்படியே படியெடுக்காமல் தம் கண்ணால் பார்த்துத் திருத்தியவர் அவர். பழைய அரபிகள் வழங்கிய பெயர்களையும் கதைகளையும் கிரேக்க உருவங்களோடு சேர்த்தே பதிந்துவைத்தார். இரண்டு படம் போடும் அவர் வழக்கத்தைப் பார்த்தபிறகு நானும் இரண்டு தாள் எடுத்தேன். ஒன்று மேலிருந்து பார்ப்பது. மற்றொன்று பக்கவாட்டிலிருந்து பார்ப்பது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொய் அகலும்.

அப்படிக் கணக்கிட்டுப் புள்ளி வைத்துக்கொண்டு போகையில்தான் ஷிஃரா வந்தது.

ஷிஃரா என்பது ஆங்கிலத்தில் சிரியஸ். இரவு வானின் மிக ஒளியுடைய மீன். அறியாமைக் காலத்து அரபிகளில் சிலர் அதனை வணங்கினர். அந்த ஷிஃராவுக்கும் இறைவன் அவனே என்று திருக்குர்ஆன் அந்நஜ்மு அத்தியாயத்தில் அறிவிக்கிறது. அரபிகளுக்கு ஷிஃராக்கள் இரண்டு. இது யமன் பக்கத்து ஷிஃரா. ஷாம் பக்கத்து ஷிஃரா என்பது இன்றைய புரோசியான். இவ்விருவரும் சகோதரிகள் என்றும், தென் வானத்தில் ஒளிரும் சுஹைல் இவர்களுடைய சகோதரன் என்றும் பழங்கதை. சுஹைல் தெற்கே போய்விட்டான். மூத்தவள் பால்வீதியாகிய ஆற்றைக் கடந்து அவன் பின்னே போனாள். அதனால் அவளுக்கு 'அபூர்', கடந்தவள், என்று பெயர். இளையவளால் கடக்க முடியவில்லை. இக்கரையில் நின்று அழுது அழுது கண்பார்வை மங்கிப்போனாள், அவள் 'குமைஸா'. வானத்தைப் பாருங்கள்: இருவருக்கும் நடுவே பால்வீதி ஓடுகிறது. இளையவளின் ஒளி மூத்தவளின் ஒளியினும் குறைவுதான்.

என் தாளில் இரண்டும் விழுந்தன. மூத்தவள் 8.6 ஒளியாண்டு, இளையவள் 11.5. தாளில் அளந்தால் இருவருக்கும் இடைவெளி ஏறத்தாழ நான்கு ஒளியாண்டு. உயர வேற்றுமையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்தேகால். சகோதரிகள் உண்மையிலேயே அண்டை வீட்டார்! ஆற்றங்கரையில் கதை புனைந்த பாலைவனத்து மனிதனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவன் கண்டது ஒளியை மட்டும், ஆழத்தையல்ல. சுஹைலின் நிலை வேறு. அவன் 310 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறான். என் தாளின் அளவில் அவனைக் குறிக்க வேண்டுமானால் தெருவைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

இக்கதையைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது உம்மா பக்கத்தில் தஸ்பீஹ் மணியோடு அமர்ந்திருந்தார்கள். விண்மீன் பேச்சென்றால் முதலில் அவர்களுக்குப் பிடிக்காது. சோதிடமோ என்ற அச்சம். தரையிலும் கடலிலும் இருளில் வழியறிவதற்காகவே விண்மீன்கள் படைக்கப்பட்டன என்ற இறைவாக்கை ஆலிம் அவர்கள் எடுத்துச் சொன்ன பிறகு அது தணிந்தது. தவிர, என் வாப்பா (மர்ஹூம்) தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்விரித்துப் போகும் தோணியில் தண்டலாக இருந்தவர்கள். வடமீன் அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து ஊர் எவ்வளவு வடக்கே இருக்கிறதென்று சொல்வார்கள். அரபு மாலுமிகள் அந்த விரலளவை 'இஸ்பஃ' என்றனர். முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையொன்றைக் கண்ணெதிரே பிடித்து அளந்தனர். அதன் பெயர் 'கமால்'. வாப்பாவிடம் பலகை இல்லை, விரல்தான்.

உம்மாவுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு செய்தி புரிந்தது. அது நன்றாகவே புரிந்தது. டிராவலர் உலகத்தில் தொலைபேசி இல்லை, வானொலி இல்லை. கப்பல் ஒரு பாய்ச்சலில் ஒரு பார்செக் போகுமோ ஆறு பார்செக் போகுமோ, எவ்வளவு போனாலும் அந்தப் பாய்ச்சலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். செய்தி கப்பலோடுதான் வரும். கப்பலுக்கு முந்தி வராது. அரசன் இறந்தாலும், போர் மூண்டாலும், குழந்தை பிறந்தாலும், அடுத்த கப்பல் வந்து சேரும்வரை யாருக்கும் தெரியாது. பேரன் இதை ஆட்டத்தின் சுவையான விதியாகச் சொன்னான். அவனுடைய தகப்பனார் தம்மாமில் இருக்கிறார். நாள்தோறும் இஷாவுக்குப் பின் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். உம்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டு, "அப்ப அது எங்க காலம்" என்றார்கள்.

பிறகு நாங்கள் கேட்காமலே சொன்னார்கள். புரட்டாசி கழிந்து வாடைக் காற்று தொடங்கும் நாட்களில் தோணி புறப்பட்டதென்ற செய்தி மட்டும் வரும். பிறகு ஒன்றும் வராது. வேறு தோணிக்காரர் எவரேனும் வந்து, கொழும்பில் கண்டேன், நலமாக இருக்கிறார் என்று சொன்னால் அதுதான் கடிதம். அந்த வார்த்தையும் பத்து நாள் பழையது. அவர் கண்ட அன்று நலம். சொல்கிற இன்று எப்படியோ என்று மனம் கேட்கும். ஒரு முறை இருபத்தாறு நாள் எந்தத் தோணியும் வரவில்லை. அந்த இருபத்தாறு நாளில் என் அக்கா பிறந்து, பெயர் வைத்து, தலைமுடியும் இறக்கியாயிற்று. தகப்பனுக்குத் தெரியாது.

இதைக் கேட்டபின் பையன் தன் ஆட்டத்தைச் சற்று வேறு விதமாக நடத்தலானான் என்று அறிகிறேன். துறைமுகங்களில் காத்திருப்போருக்கும் அவன் கதையில் இப்போது இடம் உண்டாம்.

நான் என் வேலைக்கு மீண்டேன். பையன்களின் கப்பல் ஒரு பாய்ச்சலில் இரண்டு பார்செக், அதாவது ஆறரை ஒளியாண்டு மட்டும் செல்லக்கூடியது. நடுவெளியில் நிற்க முடியாது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஏதேனும் ஒரு பொருளை அடைய வேண்டும். ஷிஃராவுக்குப் போக முடியுமா என்று அவன் கேட்டான். கதிரவனிலிருந்து நேரே 8.6, எட்டாது. சுற்றிவர முடியுமா? பழைய அட்டவணையின் புள்ளிகளை வைத்து, பன்னிரண்டு ஒளியாண்டு எல்லைக்குள் ஒவ்வோர் இணைக்கும் இடைவெளி கணக்கிட்டேன். மூன்று இரவுகள் ஆயின. இரு சகோதரிகளும், அவர்களுக்கு அப்பால் கடக ராசியிலுள்ள ஒரு மங்கிய மீனும் தனித் தீவாக நின்றன. தீவுக்குள் போக்குவரத்து உண்டு. வெளியிலிருந்து வழி இல்லை. லலாண்ட் 21185 என்னும் மீனிலிருந்து அந்தக் கடக மீனுக்கு 6.65 ஒளியாண்டு. ஆறரைக்கு மேலே ஒரு துளிதான். துளி என்றாலும் எட்டாதது எட்டாததே. ஆட்டத் தலைவன் இதில் கண்ணை மூடிக்கொள்ளலாம். ஆனால் கண்ணை மூடிக்கொள்வதென்றால் பகடையையே உருட்டியிருக்கலாமே!

புதிய அட்டவணைகளுக்குப் போனேன். ஐரோப்பியர் 1989ல் ஏவிய ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் 1,18,218 மீன்களின் இடத்தை அளந்தது. 2013ல் ஏவப்பட்டு 2025 தொடக்கம்வரை அளந்துகொண்டிருந்த கையா, நூறு பார்செக்குக்குள் மட்டுமே 3,31,312 பொருள்களின் பட்டியலுக்கு வழிவகுத்தது. எனக்கு வேண்டியதோ இரண்டே இரண்டு. அவற்றை முதலில் கண்டு சொன்னது இவ்விரண்டுமல்ல. அகச்சிவப்புக் கதிரில் வானத்தைத் துழாவிய 'வைஸ்' என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் பதிவுகளில் கெவின் லூமன் என்ற அறிஞர் 2013ல் ஓர் இணைப் பழுப்புக் குறுமீனைக் கண்டார். தொலைவு ஆறரை ஒளியாண்டு. 2014ல் இன்னொன்றைக் கண்டார். அது 7.4 ஒளியாண்டில் உள்ளது. வியாழன் கோளைப் போலச் சில மடங்கு எடை மட்டுமே உடைய, சுடர் விடாத குளிர்ந்த பொருள். முதலாவது லூமன் 16 எனப்படுகிறது. இரண்டாவதற்குப் பெயரே இல்லை, வைஸ் 0855 என்று தொடங்கும் நீண்ட எண்தான். பூமியிலிருந்து எந்தக் கண்ணும் இவற்றைக் கண்டதில்லை.

இரண்டையும் தாளில் வைத்தேன். கதிரவனிலிருந்து லூமன் 16க்கு 6.5, இரண்டு பார்செக்குக்கு ஒரு மயிரிழை உள்ளே. அங்கிருந்து அந்த இருண்ட பொருளுக்கு 6.1. அங்கிருந்து மூத்த ஷிஃராவுக்கு 4.7. அவளிடமிருந்து இளையவளுக்கு ஐந்தேகால். ஒவ்வொரு கணக்கையும் இருமுறை போட்டுப் பார்த்தேன். நான்கு பாய்ச்சல், நான்கு வாரம். வழி திறந்துவிட்டது!

எரிபொருளுக்கும் குறையில்லை. இந்த ஆட்டத்தில் கப்பல்கள் வியாழன் போன்ற வாயுக்கோள்களின் மேற்பரப்பை உரசிச் சென்று நீரகத்தை முகந்துகொள்ளலாம் என்றொரு விதி உண்டு. தோணி நடுவழியில் திட்டில் ஒதுங்கிக் குடிதண்ணீர் ஏற்றிக்கொள்வது போல என்று உம்மாவுக்குச் சொன்னேன். சுடரற்ற அந்தப் பொருள் அதற்குத் தக்கதே.

படத்தை மையிட்டு முடித்து உம்மாவின் முன் விரித்தபோது, இளையவள் எங்கே என்று கேட்டு அவ்விடத்தில் விரலை வைத்தார்கள். பிறகு விரல் வந்த வழியே பின்னோக்கி நகர்ந்தது: மூத்தவள், இருட்டுத் திட்டு, லூமன், கதிரவன். "இந்தத் திட்டுக்குப் பேர் என்ன?" என்றார்கள். எண்ணைச் சொன்னேன். "அது பேரா?" என்றார்கள். தன் பாட்டனார் பெயரை வைக்கலாம் என்று பையன் ஆவலோடு சொன்னான். உம்மா ஒன்றும் பேசவில்லை. நான் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் மட்டும் மையிடாமல், பென்சிலால் ஒரு கோடிட்டு இடம் விட்டிருக்கிறேன். ஆடிப் பார்த்த பின் அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

இப்போது படத்தைப் பதினேழு ஒளியாண்டுக்கு விரிக்க வேண்டும் என்கிறான். விரித்தால் 16.7ல் உள்ள அத்தாயிர், நம் திருவோணம், உள்ளே வந்துவிடும். தாள் பெரிதாக வேண்டும். அந்த அளவில் நல்ல வரைதாள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.